ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்றால் இறாலை விட்டுவிட வேண்டுமா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், கம்யூனிட்டி ஹாலில் நம் வளாகவாசி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை மாலையில் இத்தனை பேர் வந்திருப்பது சந்தோஷம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக மருத்துவ ஆய்வகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரத்த மாதிரி வரும், இயந்திரம் ஒரு எண்ணைச் சொல்லும், அந்த எண்ணைத் தாளில் அச்சடித்துக் கொடுப்போம். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், என்ன அர்த்தம் இல்லை என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் டாக்டருடையது.

இந்தத் தலைப்பு ஏன் என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள்.

ஒன்று, நம் கிளப் ஹவுஸில் ஹெல்த் கேம்ப் நடத்த ஒரு லேப் முன்வந்திருக்கிறது. சுகர், கொலஸ்ட்ரால், தைராய்டு இவற்றோடு 'ஃபுட் அலர்ஜி பேனல்' என்று ஒன்றும் சலுகை விலையில் உண்டாம். பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு என்று ஒரே ரத்தத்தில் எல்லாவற்றுக்கும் சோதனை. எல்லோரும் எடுத்துக்கொள்ளலாமா என்று செயற்குழு என்னிடம் கருத்துக் கேட்டது.

இரண்டாவது, நம் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் நடந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். பக்கத்து வீட்டில் இறால் வறுத்தால் தன் வீட்டில் அலர்ஜி வருகிறது, ரிப்போர்ட்டும் இருக்கிறது என்று ஒருவர் எழுத, எங்கள் வீட்டில் நாங்கள் என்ன சமைப்பது என்று நீங்கள் சொல்வீர்களா என்று இன்னொருவர் எழுத, இருநூறு மெசேஜ் போனது. இரண்டு விஷயத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போவதும் ஒன்றா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றல்ல. ஆனால் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த இடைவெளி எவ்வளவு என்பதுதான் கணக்கு.

எதிர்ப்பொருள் என்பது என்ன?

நம் ரத்தத்தில் பல வகை எதிர்ப்பொருள்கள் உண்டு. அதில் ஒவ்வாமைக்குக் காரணமானது ஐஜிஇ. 1966-67 வாக்கில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியான இஷிசாகா ஆய்வாளர்களும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தார்கள். 1968இல் உலக சுகாதார நிறுவனம் இதற்குப் பெயர் வைத்தது.

இறாலுக்கு எதிரான ஐஜிஇ ஒருவருக்கு உருவாகிவிட்டால், அது தோலிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல் என்ற அணுக்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை இறால் சாப்பிடும்போது அந்தப் புரதம் வந்து இரண்டு ஐஜிஇகளைச் சேர்த்துப் பிடித்தால், செல் வெடித்ததுபோல் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டும். உதடு வீங்குவது, காணாக்கடி, வாந்தி, வீசிங், ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் அதனால்தான்.

ஐஜிஇ இருந்தாலும் இது நடந்தே தீரும் என்று இல்லை. ஐஜிஇ புரதத்தின் எந்தப் பகுதியைப் பிடிக்கிறது, எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, உடம்பில் அதைத் தடுக்கும் வேறு எதிர்ப்பொருள்கள் எவ்வளவு என்று பல விஷயங்கள் சேர வேண்டும். எதிர்ப்பொருள் இருந்து அறிகுறி இல்லாத நிலையை 'சென்சிடைசேஷன்' என்பார்கள். உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அறிகுறியும் சேர்ந்தால்தான் ஒவ்வாமை.

இறாலின் எந்தப் பொருள்?

இதைக் கண்டுபிடித்த இடங்களில் ஒன்று நமக்கு 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி.வி. சுப்பாராவின் குழு, நம் கடற்கரைகளில் கிடைக்கும் வெள்ளை இறாலை எடுத்துக்கொண்டு 1980களில் ஆராய்ந்தது. எவ்வளவு வேகவைத்தாலும் கெடாத ஒரு புரதத்தை 1989இல் பிரித்துக் காட்டினார்கள். 1993இல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் டீன் மெட்காஃப் முதலியோருடன் சேர்ந்து, அது ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் என்று நிறுவினார்கள். இறால் ஒவ்வாமை பற்றி உலகில் எங்கே எழுதினாலும் அந்த 1993 கட்டுரையைக் குறிப்பிடாமல் எழுதுவதில்லை. அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் பெருமையாக நினைத்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து வீட்டுக்குத் தேவையான மூன்று உண்மைகள்.

முதலாவது, இந்தப் புரதம் வெப்பத்தைத் தாங்கும். நன்றாக வறுத்துவிட்டால் ஒன்றும் செய்யாது என்பது இறாலுக்குப் பொருந்தாது. வேகவைத்த தண்ணீரிலும் அது இறங்கும். இறாலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வது பாதுகாப்பல்ல.

இரண்டாவது, ட்ரோபோமயோசின் நண்டிலும் இருக்கிறது, கணவாயிலும் மட்டியிலும் இருக்கிறது. இறாலும் நண்டும் நெருங்கிய உறவு என்பதால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களில் பெரும்பாலானோருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாது. கணவாய், மட்டி கொஞ்சம் தூரத்து உறவு, சிலருக்குத்தான் சேரும். ஆற்று இறால், வயல் நண்டு என்றால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம், புரதம் அதேதான். மீன் ஒவ்வாமை தனி வழக்கு. அதற்குக் காரணம் பார்வால்புமின் என்ற வேறு புரதம். இறால் ஆகாதவர் கிருஷ்ணகிரி டேமில் மீன் வறுவல் சாப்பிடலாம். ஆனால் அதே எண்ணெயில் இறாலும் வறுத்தார்களா என்று கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும்.

மூன்றாவதுதான் இன்றைய பேச்சுக்கு முக்கியம். இதே குடும்பத்துப் புரதம் கரப்பான் பூச்சியிலும், மெத்தை தலையணையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியிலும் இருக்கிறது. தூசிப் பூச்சிக்கு எதிராக உருவான ஐஜிஇ, சோதனைக் குழாயில் இறால் புரதத்தையும் பிடித்துக்கொள்ளலாம்.

இதற்கு அழகான ஒரு நிரூபணம் 2003இல் வெளியானது. மத விதிப்படி இறால், நண்டு வகைகளைத் தொடாத யூதர்களில், தூசிப் பூச்சி ஒவ்வாமை இருந்த சிலரைச் சோதித்தார்கள். வாழ்நாளில் இறால் சாப்பிடாதவர்களின் ரத்தத்தில் இறால் ட்ரோபோமயோசினைப் பிடிக்கும் ஐஜிஇ இருந்தது. நம் வளாகத்துக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். பரம்பரையாகச் சைவம் சாப்பிடும் ஒருவருக்கு, காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல் போடுகிறவருக்கு, ரிப்போர்ட்டில் 'இறால் – பாசிட்டிவ்' என்று வரலாம். இயந்திரம் தப்புச் செய்யவில்லை. எதிர்ப்பொருள் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது தலையணையிலிருந்து வந்தது.

கணக்கைப் பார்ப்போம்

நம் வளாகத்தில் பாதிப் பேர் சிப்காட் கம்பெனிகளில் இருப்பவர்கள். குவாலிட்டியில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது உடனே புரியும்.

ஒரு பாகத்தை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் பார்க்கிறீர்கள். 1000 பாகத்தில் 10தான் உண்மையில் குறையுள்ளது. உங்கள் கேஜ் குறையுள்ளவற்றில் 90 சதவீதத்தைப் பிடித்துவிடும். நல்லதுதான். ஆனால் நல்ல பாகங்களிலும் 20 சதவீதத்தை 'ரிஜெக்ட்' என்று தள்ளிவிடும். கடைசியில் ரிஜெக்ட் தொட்டியில் என்ன இருக்கும்?

குறையுள்ள 10இல் 9 அங்கே வரும். நல்லவை 990இல் 20 சதவீதம், அதாவது 198, அவையும் அங்கே வரும். மொத்தம் 207. அதில் உண்மையான குறை 9 மட்டுமே. 23க்கு ஒன்று. அந்தத் தொட்டியை அப்படியே ஸ்க்ராப் போட எந்த மேனேஜரும் சம்மதிக்க மாட்டார்.

பாகத்துக்குப் பதில் மனிதர், கேஜுக்குப் பதில் ரத்தப் பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாத 1000 பேருக்குச் சோதனை செய்தால் 207 பேருக்கு 'பாசிட்டிவ்' என்று தாள் போகும். அவர்களில் 198 பேர் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவைக் காரணமில்லாமல் நிறுத்துவார்கள். (90, 20 என்பவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். சோதனைக்குச் சோதனை இவை மாறும். கணக்கின் போக்கு மாறாது.)

இப்போது அதே கேஜை வேறு இடத்தில் வைப்போம். இறால் சாப்பிட்ட அரை மணிக்குள் உடம்பெல்லாம் தடித்தது என்று சொல்லி டாக்டரிடம் வந்த 100 பேர். இவர்களில் 60 பேருக்கு உண்மையிலேயே ஒவ்வாமை என்று வைத்துக்கொள்வோம். 60இல் 54 பேர் பாசிட்டிவ். மீதி 40இல் 8 பேர் பாசிட்டிவ். மொத்தம் 62, அதில் 54 உண்மை. 87 சதவீதம்!

அதே சோதனைதான், அதே லேப், அதே இயந்திரம். யாரைச் சோதித்தோம் என்பது மாறியதும் 4 சதவீதம் 87 சதவீதம் ஆகிவிட்டது. இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டின் மதிப்பு, சோதனைக்கு முன்னால் டாக்டர் கேட்ட கேள்விகளில் இருக்கிறது.

இந்த இரண்டாவது கணக்கில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நெகட்டிவ் என்று வந்த 38 பேரில் 6 பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இருக்கிறது. ஒருமுறை மூச்சுத் திணறி மருத்துவமனை போனவருக்கு ரத்தத்தில் நெகட்டிவ் என்று வந்துவிட்டது என்பதற்காக, சரி இனி சாப்பிடலாம் என்று வீட்டிலேயே முயற்சி செய்யக் கூடாது. பாசிட்டிவ் ஏமாற்றுவதுபோல நெகட்டிவும் ஏமாற்றும்.

பேனல் சோதனையில் இன்னொரு பெருக்கலும் சேர்கிறது. ஒவ்வொரு உணவுக்கும் தவறான பாசிட்டிவ் 5 சதவீதம்தான் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 20 உணவுகளுக்கு ஒன்றையொன்று சாராமல் சோதித்தால், எதிலாவது ஒன்றில் தவறாக மாட்டும் வாய்ப்பு 64 சதவீதம். மூன்று பேரில் இரண்டு பேர், ஒரு நோயும் இல்லாமலேயே, ஒரு 'அலர்ஜி'யோடு வீட்டுக்குப் போவார்கள்.

இது வெறும் கற்பனைக் கணக்கா?

இல்லை. நம் பக்கத்து மாநிலத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். யூரோப்ரிவால் என்ற பன்னாட்டு ஆய்வின் இந்தியப் பகுதி கர்நாடகத்தில் நடந்தது. மைசூரு ஜேஎஸ்எஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் பி.ஏ. மகேஷ் முதலியோர் 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 20 முதல் 54 வயது வரையிலான 11,791 பேரிடம் கேள்விகள் கேட்டு, பிறகு அவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தைச் சோதித்தார்கள்.

பட்டியலில் இருந்த உணவுகளில் ஏதாவது ஒன்றுக்காவது ஐஜிஇ இருந்தவர்கள்: 26.5 சதவீதம். கிட்டத்தட்ட நாலில் ஒருவர். ஐரோப்பிய நாடுகள் பலவற்றைவிட இது அதிகம்.

அந்த உணவால் தொந்தரவு வருகிறது என்று சொல்லி, அதே உணவுக்கு ஐஜிஇயும் இருந்தவர்கள்: 1.2 சதவீதம்.

26.5 எங்கே, 1.2 எங்கே! 22 பேருக்கு ஒருவர். நான் கேஜை வைத்துச் சொன்ன கணக்கிலிருந்து இது வெகுதூரத்தில் இல்லை.

குழந்தைகளிடமும் இதே கதைதான். சீனா, ரஷ்யா, இந்தியா மூன்று நாடுகளிலும் 6 முதல் 11 வயது வரையிலான 35,549 குழந்தைகளைக் கொண்ட ஆய்வு 2020இல் வெளியானது. உணவு ஒவ்வாமை ஹாங்காங்கில் 1.5 சதவீதம். இந்தியாவில் 0.14 சதவீதம். ஆயிரத்துக்கு ஒன்று, ஒன்றரைக் குழந்தை. நம் பிள்ளைகளுக்கு ஒவ்வாமையே வராது என்று இதற்கு அர்த்தமல்ல. ஆனால் பேனலைப் பார்த்துப் பாலையும் முட்டையையும் நிலக்கடலையையும் ஒரே நாளில் நிறுத்துகிற பெற்றோர், வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து எதை எடுக்கிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

நம் பாட்டிமார் 'கரப்பான் பண்டம்' என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். கத்தரிக்காய், கருவாடு, இறால். சொறி சிரங்கு இருப்பவனுக்குக் கொடுக்காதே என்பார்கள். கத்தரிக்காயையும் மைசூரில் ஆராய்ந்து பார்த்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில் 741 பேர். கத்தரிக்காயால் அரிக்கிறது என்று சொன்னவர்கள், தோல் சோதனையில் தடித்தவர்கள் எல்லாம் சேர்த்துச் சுமார் 9 சதவீதம். அதில் ஐஜிஇ மூலம் வரும் உண்மையான ஒவ்வாமை 1 சதவீதத்துக்கும் குறைவு. பாட்டி சொன்னது முழுப் பொய்யில்லை, கத்தரிக்காயிலேயே ஹிஸ்டமின் போன்ற பொருள்கள் இருக்கின்றன. ஆனால் அரிப்பு எல்லாம் அலர்ஜி இல்லை.

எண் பெரிதானால் ஆபத்து பெரிதா?

ரிப்போர்ட்டில் ஐஜிஇயைக் கிலோ யூனிட் கணக்கில் போட்டிருப்பார்கள். வழக்கமாக 0.35க்கு மேல் பாசிட்டிவ். பிறகு அதை 0 முதல் 6 வரை 'கிளாஸ்' பிரித்திருப்பார்கள். 0.7 வரை கிளாஸ் 1, 3.5 வரை கிளாஸ் 2, 17.5 வரை கிளாஸ் 3, 50 வரை கிளாஸ் 4, 100 வரை கிளாஸ் 5, அதற்கு மேல் 6. கிளாஸ் 4 என்றதும் கேன்சர் ஸ்டேஜ் போல நினைத்துப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி இல்லை.

எண் கூடக் கூட, அந்த உணவால் ஏதாவது ஓர் அறிகுறி வருவதற்கான வாய்ப்பு கூடும். கூட்டமாக எடுத்துப் பார்த்தால் இது உண்மை. ஆனால் அறிகுறி எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. ஒரு பக்கம் எண், இன்னொரு பக்கம் கடுமை என்று புள்ளி வைத்தால், கோடு விழாது. வாசலில் அரிசியை இறைத்ததுபோல் சிதறும். சிறிய எண் இருப்பவர் மயங்கி விழலாம். பெரிய எண் இருப்பவர் நிம்மதியாக இறால் பிரியாணி சாப்பிடலாம்.

முட்டை, பால், நிலக்கடலை போன்ற சிலவற்றுக்கு, இந்த எண்ணுக்கு மேல் போனால் 95 சதவீதம் உறுதி என்று ஒரு கோடு போட 1990களிலேயே ஆய்வாளர்கள் முயன்றார்கள். இறாலுக்கு அப்படி எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடு இல்லை. தூசிப் பூச்சி செய்யும் குழப்பம் அதற்கு ஒரு காரணம். முழு இறாலுக்குப் பதிலாக ட்ரோபோமயோசினுக்கு மட்டும் தனியாக ஐஜிஇ அளந்தால் கணிப்பு இன்னும் நன்றாக இருக்கிறது என்று பிரேசில் ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். தேவைப்பட்டால் டாக்டர் அதை எழுதிக்கொடுப்பார். உறுதியாகச் சொல்வது ஒரே சோதனைதான்: மருத்துவமனையில், டாக்டர் கண்ணெதிரே, சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக அந்த உணவைக் கொடுத்துப் பார்ப்பது. அதை வீட்டில் செய்யவே கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. 'ஃபுட் இன்டாலரன்ஸ்' என்று 100, 200 உணவுகளுக்கு ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளை அளந்து விற்கிறார்கள். ஐஜிஜி இருந்தால் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். தினமும் தோசை சாப்பிடுகிறவருக்கு உளுந்துக்கு வந்தால் ஆச்சரியம் என்ன? உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை அகாடமி 2008இலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் யார் கவலைப்பட வேண்டும்?

இதுவரை பயப்படாதீர்கள் என்று சொன்னேன். இனி பயப்பட வேண்டிய இடத்தைச் சொல்கிறேன். இறால் ஒவ்வாமை அரிதாக இருக்கலாம், ஆனால் இருப்பவருக்கு அது விளையாட்டல்ல. பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடும். இறால் அப்படியல்ல. பெரும்பாலும் பெரியவர்களான பிறகு வரும், வந்தால் நிலைக்கும். முப்பது வருடமாகச் சாப்பிடுகிறேன், எனக்கு என்ன ஆகும் என்பது வாதமல்ல.

டாக்டரிடம் போகும்போது இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி எடுத்துப் போங்கள். ரிப்போர்ட்டைவிட அவருக்கு இது உதவும்.

1. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு?
2. எத்தனை நிமிடத்தில் தொடங்கியது? (ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்கள் முதல் 2 மணி நேரத்துக்குள் வரும்.)
3. ஒவ்வொரு முறையும் வருகிறதா?
4. உடன் வேறு என்ன நடந்தது? வலி மாத்திரை, மது, சாப்பிட்டவுடன் ஷட்டில் விளையாடியது. சிலருக்கு இறால் மட்டும் ஒன்றும் செய்யாது. சாப்பிட்டுவிட்டு ஓடினால்தான் வரும்.
5. சேர்ந்து சாப்பிட்ட மற்றவர்களுக்கும் வந்ததா?

ஐந்தாவது கேள்வி நம் ஊருக்கு முக்கியம். கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கிறோம். ஐஸ் சரியாக இல்லாமல் வரும் சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களில் பாக்டீரியாவால் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்ட எல்லோருக்கும் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். பார்க்க அலர்ஜி மாதிரியே இருக்கும். ஆனால் அது கெட்ட மீன். மாற்ற வேண்டியது மீன் வாங்கும் கடையை.

ஸ்கேனுக்குப் போகும்போது இறால் அலர்ஜி இருக்கிறது, அயோடின் மருந்து போடாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். டாக்டரிடம் தகவலாகச் சொல்லுங்கள், தப்பில்லை. ஆனால் இறாலில் பிரச்சினை புரதம், அயோடின் அல்ல. அதற்காகத் தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அவசரம் என்றால்

உடம்பு தடிப்பதோடு மூச்சுத் திணறல், குரல் கம்முவது, தொடர் வாந்தி, தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது அனஃபிலாக்சிஸ். அங்கே மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றுதான், தொடையின் வெளிப்பக்கத் தசையில். அவில், செட்ரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காக்காது. மாத்திரை கொடுத்துவிட்டு அரை மணி பார்ப்போம் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

உடனே 108. நோயாளியைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமம் என்றால் சாய்த்து உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடாதீர்கள், லிஃப்ட் வரைகூட. சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், மறுபடி வரக்கூடும். வெளிநாடுகளில் நோயாளியே போட்டுக்கொள்ளும் பேனா ஊசி உண்டு. இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. கடுமையான ஒவ்வாமை இருப்பவர்கள் என்ன கையில் வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் இப்போதே பேசி வைப்பது நல்லது.

நம் சங்கம் என்ன செய்யலாம்?

செயற்குழு முன் நான் வைக்கும் யோசனைகள் இவை.

ஹெல்த் கேம்ப் நடக்கட்டும். சுகர், பிரஷர், ஹீமோகுளோபின் எல்லாம் பயனுள்ளவை. அலர்ஜி பேனலை மட்டும் எடுத்துவிடச் சொல்வோம். தொந்தரவு இருப்பவர்கள் டாக்டர் எழுதிக்கொடுத்து அந்த ஒரு பொருளுக்கு மட்டும் சோதித்துக்கொள்ளட்டும்.

பொங்கல், யுகாதி, ஓணம், புத்தாண்டு என்று நாம் சேர்ந்து சாப்பிடும்போது, ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டு வைப்போம். கடையில் விற்கும் பாக்கெட்டில் இறால் வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா போன்றவை இருந்தால் எழுத வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதி சொல்கிறது. வீட்டுச் சமையலுக்கு விதி இல்லை, அக்கறைதான் உண்டு. கருவாட்டுப் பொடி, சென்னாக்குன்னி, ஃப்ரைட் ரைஸில் ஊற்றும் சாஸ் என்று கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடங்கள்தான் ஆபத்து. ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி வைப்போம்.

கடுமையான ஒவ்வாமை இருப்பவர்கள் விருப்பப்பட்டால் மூடிய உறையில் ஒரு தாள் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுக்கலாம். அவசரத்துக்கு மட்டும் பிரிப்போம். 108 வந்தால் எந்தக் கேள்வியும் கேட்காமல் கேட் திறக்க வேண்டும், ஒரு லிஃப்டைக் கீழே நிறுத்தி வைக்க வேண்டும் என்று செக்யூரிட்டி தம்பிகளுக்குப் பயிற்சி கொடுப்போம்.

கடைசியாக, அந்த வாட்ஸ்அப் விவாதம். மணம் வருவது அலர்ஜி அல்ல. பிடிக்காத வாசனையால் குமட்டலாம், அது வேறு. ஆனால் இறால் வேகும் ஆவியில் புரதம் கலந்து வந்து, மிகச் சிலருக்கு வீசிங் வரும் என்பதும் உண்மை. இறால் பதப்படுத்தும் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களிடம் இது நன்கு அறியப்பட்டது. ஆகவே, ரிப்போர்ட் இருக்கிறது என்பதற்காக யார் வீட்டு அடுப்பையும் அணைக்கச் சொல்ல முடியாது. மூச்சுத் திணறுகிறது என்று சொல்பவரைச் சாக்கு சொல்கிறார் என்று கேலி செய்யவும் கூடாது. அவர் ஒவ்வாமை டாக்டரைப் பார்க்கட்டும். நாம் சமையலறை டக்டைச் சுத்தம் செய்வோம். நீண்ட நாளாக நிலுவையில் இருக்கும் வேலைதானே அது. சமைப்பவர் சிம்னியைப் போட்டு வாசல் கதவைச் சாத்திக்கொள்ளட்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று ஒரே மாடியில் ஐந்து சமையல் நடக்கும் இடம் நம்முடையது. இவ்வளவு நாள் சேர்ந்துதான் இருந்திருக்கிறோம்.

வீட்டில் ஏற்கெனவே இப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதை எடுத்துக்கொண்டு, நான் சொன்ன ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி, டாக்டரிடம் போங்கள். சாப்பிட்டு ஒரு தொந்தரவும் வராத உணவா, வந்த உணவா என்பதை முதலில் சொல்லுங்கள். தாளை அவர் அதற்குப் பிறகு பார்க்கட்டும்.

வெளியே டீயும் மசால் வடையும் இருக்கிறது. மசால் வடையில் கடலைப் பருப்பு, வெங்காயம், சோம்பு, கறிவேப்பிலை. பொரித்தது கடலை எண்ணெயில். சீட்டு வைத்திருக்கிறேன், இன்றிலிருந்தே ஆரம்பிப்போம். கேள்விகள் இருந்தால் அங்கே பேசலாம்.